முன்னால் நடந்து போகிறவர்களுக்கு

கடலூர் சில்வர் பீச்சிலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும், சிதம்பரத்தில் தேர் ஓடும் நான்கு வீதிகளிலும் அண்ணாமலை நகரிலும் விடியற்காலையில் குழுவாக நடக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் அனைவருக்கும்,

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நூறு கிலோவைத் தாண்டிய ஒருவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமோ மூன்று வருடமோ, அவரை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேகத்துக்கு அவரால் வர முடியாது. பாதி வழியில் உட்காருவார். சில வாரம் கண்ணிலேயே பட மாட்டார். குறைந்த எடை திரும்பவும் ஏறும். அப்போதும் அவர் நம்ம ஆள்தான் என்று நீங்கள் நினைக்க வேண்டும்.

இதை மருத்துவர்களிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கக் காரணம் உண்டு. நான் அந்த எடையில் இருந்தவள். இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன். சிதம்பரத்தில் வீடு, கடலூரில் வேலை. பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தால், ஏறி வருகிறவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நின்றுகொண்டே வருவார். என்ன சாப்பிடலாம், எதை விடலாம் என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. ஒரு இட்லிக்கு எத்தனை கலோரி என்று என்னைப் போன்றவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அறிவுரைக்குக் குறைவே இல்லை. காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று “என்னம்மா, கிளம்பலாமா?” என்று கேட்க ஓர் ஆள்தான் இல்லை. அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான்.

பருத்த உடம்போடு நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் தொடைகள் உரசத் தொடங்கும். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையும் சேர்ந்துகொண்டால் அந்த இடம் சிவந்து எரியும். மறுநாள் நடக்க மனம் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த எரிச்சல்தான். உள்ளே முழங்கால்வரை வரும் இறுக்கமான கால்சட்டை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பினால் உரசாது என்று எந்த டயட் சார்ட்டிலும் எழுதியிருக்கவில்லை. என்னைவிட எடை கூடிய ஓர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்துவிடும். அதோடு நடந்தால் முழங்கால் வலி கூடும். மணலில் இறங்கினால் கால் புதைந்து கணுக்கால் மடங்கும். ஆகவே சில்வர் பீச்சுக்கு வந்தாலும் எங்களுக்குத் தார்ச்சாலைதான். அடுத்து உட்கார எங்கே இடம் இருக்கிறது என்று மனம் முன்கூட்டியே தேடிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கைப்பிடி இல்லாததா, கால் விரிசல் விடாததா என்று பார்த்துத்தான் உட்காருவோம். கல்யாண மண்டபத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஒரு வார்த்தையும் பேசாமல் மர நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் பந்திக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த இரண்டாவது வகை மனிதர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

“மனசு வெச்சா முடியாதா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மனசு வைத்துக் குறைத்தவர்களின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் அது வெளியானது. பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடியே இருந்தன, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தே இருந்தன. அமெரிக்காவில் ‘பிக்கஸ்ட் லூசர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த கெவின் ஹாலின் ஆய்வு 2016இல் வந்தது. பெரும்பாலோருக்குக் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. இழந்த கொழுப்பை எப்படியாவது திரும்பச் சேர்க்க உடம்பு வருடக்கணக்கில் முயல்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். அத்தனை வருடம் ஒருவர் தன் பசியோடு தனியாகப் போராட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம்.

இது நாலைந்து பேர் பிரச்சினை என்றும் எண்ண வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை உள்ளவர்கள், ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. நம் உடல்வாகுக்கு வயிற்றுச் சதைதான் முதல் எதிரி என்பதால், தையல்காரரின் டேப்பில் இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள் நம் மருத்துவர்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் குழுவிலேயே பாதிப்பேர் வருவீர்கள். நான் பேசுவது அந்தக் கணக்கின் கடைக்கோடியில் இருப்பவர்களைப் பற்றி. நாற்பது, ஐம்பது கிலோ குறைக்க வேண்டியவர்கள். தெருவில் இறங்கவே கூசுபவர்கள். அவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் வெளியே வருவதில்லை.

ஊக்கம் எங்கிருந்து வரும் என்பதற்கு நம் பக்கத்து ஆய்வுகளே பதில் வைத்திருக்கின்றன. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று: அவர்கள் எடை சொல்லும்படி குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப் போயிருக்கிறது. எடை மெஷின் முள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது “இத்தனை நடந்தும் என்ன புண்ணியம்” என்று விட்டுவிடுபவர்களே அதிகம். அந்த நேரத்தில் பக்கத்தில் நடப்பவர் இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், இன்னொரு மாதம் ஓடிவிடும். எனக்கு ஓடியது.

அதே ராமச்சந்திரன் குழு 2013இல் இன்னொன்றைக் காட்டியது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: நடந்தீர்களா, எண்ணெயைக் குறைத்தீர்களா என்பது போல. செய்தி கிடைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் 36 சதவீதம் குறைவாக வந்தது. முகம் தெரியாத ஒரு செய்திக்கே இவ்வளவு பலன் என்றால், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரலுக்கு என்ன பலன் இருக்கும்! சென்னையில் 578 பேரை வைத்து நடந்த ‘டி-கிளிப்’ ஆய்வில் ஆட்களில் ஒரு பகுதியினரை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, முதல் நான்கு மாதம் வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்தார்கள். 2016இல் வந்த முடிவு, அவர்களுக்குச் சர்க்கரை நோய் 32 சதவீதம் குறைவு என்றது.

கூடி உட்காருவது பழைய வழிதான். 1961இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி, ஊர் சுகாதாரத் துறை கொடுத்த உணவு முறையைப் பின்பற்றிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மருத்துவமனையில் சொல்ல வெட்கம். கடைசியில் எடை கூடிய தோழிகள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாரா வாரம் கூடினார்கள். அதுதான் 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாகிப் பிறகு உலகம் முழுக்கப் பெரிய வியாபாரமானது. வியாபாரம் நமக்கு வேண்டாம். அந்த முதல் வருடத்து வரவேற்பறை போதும்.

அதற்கு அமெரிக்கா வரைகூடப் போக வேண்டியதில்லை. கார்த்திகையில் மாலை போட்டவரைப் பாருங்கள். தினமும் குடித்தவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். அவருடைய மனவுறுதி என்று நாம் சொல்கிறோம். பாதிதான் அது. அவர் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் கூட்டாளி பாட்டிலை நீட்டுவதில்லை. வீட்டில் தனிச் சமையல் நடக்கிறது. டீக்கடைக்காரர் ‘சாமி’ என்று மரியாதையோடு கூப்பிடுகிறார். சாயங்காலம் பஜனைக்குப் போகாவிட்டால் குருசாமி ஆள் அனுப்புகிறார். தெருவே சேர்ந்துதான் அந்த விரதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. எடை குறைக்கும் ஒருவரைச் சுற்றி இதில் எதுவும் இல்லை. அவர் வேண்டாம் என்றால், “ஒரு நாள்தானே, சாப்பிடு” என்று இலையில் வைக்கிறோம்.

இப்படி வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவதைவிடப் பெரிய காரியம் இல்லை என்று வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. என் அம்மாவின் தலைமுறை பசியைப் பார்த்தது. சுனாமியிலும் ‘தானே’ புயலிலும் 2015 வெள்ளத்திலும் இந்த மாவட்டத்தில் எல்லோரும் முதலில் தேடியது சோற்றுப் பொட்டலத்தைத்தான். தட்டு நிறைய வைப்பதுதான் எங்கள் வீடுகளில் பாசம். அந்தக் கையைத் தட்டிவிட முடியாது. தட்டை மாற்றலாம். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் எங்கள் ஊர்ப் பெருமை. கொத்சைக் கூட்டிச் சாதத்தைப் பாதியாக்கிக்கொள்ள அம்மா ஒத்துக்கொள்ளவே பல மாதம் ஆனது. வறுத்த வஞ்சிரத்துக்குப் பதில் குழம்பில் போட்ட சங்கராவுக்கு அப்பா சீக்கிரம் பழகிவிட்டார். பண்ருட்டி முந்திரி வீட்டில் டப்பாவில் இருந்தால் கை தானாகப் போகும். நான் வாங்குவதையே விட்டேன். இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒருவர் நம் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவில் சேரும் ஒருவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவர் அம்மாவிடமோ மனைவியிடமோ பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். வெளியாள் சொன்னால் எடுபடும்.

நடைக்குழு எப்படி நீடிக்கும் என்று கேட்டால், நம் பெண்களிடம் கேளுங்கள் என்பேன். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எந்தத் தெருவிலும் இருக்கின்றன. பன்னிரண்டிலிருந்து இருபது பேர். கூடுவதற்குக் குறித்த நாள், ஒரு நோட்டு, தலைவி ஒருத்தி. ஒருத்தி தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். சில சமயம் அது அழுத்தமாகவும் மாறிவிடுகிறது, அதை நானும் அறிவேன். ஆனால் மூன்று வருடம் ஓடும் ஒரு பொறுப்பை இருபது பேர் சேர்ந்து சுமக்கும் பழக்கம் இந்தப் பெண்களின் கையில் இருக்கிறது. அவர்களில் நாலு பேரை உங்கள் குழுவுக்குள் கொண்டு வாருங்கள். நோட்டு எழுதுவதை அவர்களிடம் விடுங்கள்.

அந்த நோட்டில் யாருடைய எடையையும் எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வந்தாரா, வரவில்லையா என்பது மட்டும் இருக்கட்டும். எடையை அவரவர் தன் வீட்டில் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்துத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1994இல் ஆரம்பித்த ஒரு பதிவேடு இருக்கிறது. பதின்மூன்றரை கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது அதைக் காப்பாற்றியவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். பத்தில் ஒன்பது பேர் தினம் சராசரி ஒரு மணி நேரம் உடம்பை அசைப்பவர்கள். எடை பார்ப்பது உதவும். நாலு பேர் முன்னால் பார்ப்பது உதவாது.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “அட, இளைச்சுட்டியே!” என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வீர்கள். கேட்கும்போது இனிக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்து இரண்டு கிலோ ஏறியிருக்கும்போது, அதே ஆளை எதிரில் பார்க்கப் பயந்து வேறு வீதி வழியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் நடையையே நிறுத்திவிட்டார்கள். உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், நல்லதாகக்கூட. “நேத்து வரலையே, தேடினேன்” என்று சொல்லுங்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவருக்கு ஒருவர் போன் செய்யட்டும். காரணம் கேட்க வேண்டாம். நாளை எந்த முனையில் நிற்கிறோம் என்று சொன்னால் போதும்.

பெண்களுக்கு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஐந்தரை மணி என்பது தண்ணீர் பிடிக்கிற நேரம், வாசல் தெளிக்கிற நேரம், பிள்ளைக்கு டிபன் கட்டுகிற நேரம். எடை கூடிய பெண்களில் பலருக்குச் சிறுநீர் அடக்க முடியாத தொல்லை உண்டு. வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். வழியில் கழிப்பறை இல்லை என்றால் நடைக்கே வர மாட்டார்கள். மாநிலம் முழுக்க மாவட்டத்துக்கு ஒன்று என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை 2023 நவம்பர் 4இல் அரசு தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் எங்களுக்கு 8 கிலோமீட்டர் என்ற எண்ணே பயம். இருநூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சும், திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும், அணையாத விளக்கும்தான் எங்களுக்கு வேண்டும். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், வியாபாரிகள் இருக்கிறீர்கள். கடலூர் மாநகராட்சியிலும் சிதம்பரம் நகராட்சியிலும் நீங்கள் கேட்டால் காது கொடுப்பார்கள். நாங்கள் போய் நின்றால், எடையைப் பார்த்துவிட்டுத்தான் மனுவைப் பார்ப்பார்கள். காலையில் முடியாத பெண்களுக்காக இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு சின்ன அணியையும் யோசியுங்கள். தேர் வீதிகளில் கடைகள் திறந்திருக்கும் நேரம் அது, வெளிச்சமும் இருக்கும், பயமும் குறைவு.

எங்களை எங்கே கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வரும் தன்னார்வலப் பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் முடங்கி இருக்கிறார் என்று தெரியும். யார் பெயரையும் அவரிடம் கேட்டு வாங்காதீர்கள். இப்படி ஒரு குழு இருக்கிறது, மெதுவாக நடப்பவர்களும் வரலாம் என்ற செய்தியை அவர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். வருகிறவர் தானாக வரட்டும்.

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டது, நடை எதற்கு என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. எடையை நன்றாகக் குறைக்கின்றன, உண்மை. மருத்துவர் சொன்னால் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டிய மருந்துதான், அதில் குறுக்குவழி என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்தபோது அவற்றின் விலைதான் எங்கள் வீடுகளில் பலருக்கு எட்டவில்லை. வெகோவியில் இருக்கும் செமாகுளூட்டைட் மருந்தை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் கூட நடக்க ஆள் வேண்டும்.

மழையை மறந்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்தில் வானம் திறந்துகொண்டால் வாரக்கணக்கில் தெருவில் கால் வைக்க முடியாது. கெடிலமும் பெண்ணையாறும் கரை தொடும். வருடம் முழுக்கக் கட்டிய பழக்கம் அந்த நாட்களில் உடைந்துவிடும். பலர் விட்டுப்போவது அப்போதுதான். மழைக்காலத்துக்கென்று கூரையுள்ள ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. பள்ளிக்கூடத் தாழ்வாரமும் விடிவதற்கு முன் யாருக்கும் தேவைப்படுவதில்லை. இருபது நிமிடம் அங்கே நடந்துவிட்டுப் போனால், தையில் யாரையும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எங்களைப் போன்றவர்களைச் சேர்க்கும் முன் பிரஷர், சுகர், இசிஜி பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளலாம். கிளிமெபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாதத்தையும் குறைத்து நடக்கவும் தொடங்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். சோர்வு என்று நினைத்து உட்கார வைத்துவிடாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். உங்களில் யாராவது ஒருவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கட்டும். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் குறைக்க வேண்டிவரும், அதை மருத்துவரிடம் போய்க் கேட்கச் சொல்லி நினைவூட்டுங்கள். நெஞ்சு கனக்கிறது, தாடை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. நேராக மருத்துவமனைக்குத்தான்.

தை பிறந்ததும் தொடங்கினால் அடுத்த ஐப்பசி மழைக்குள் ஒன்பது மாதம் கிடைக்கும். தை முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, சிதம்பரம் கீழவீதியும் தெற்கு வீதியும் சேரும் முனையில் நான் நிற்பேன். என்னோடு இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வருவார். தெற்கு வீதி முழுக்க நடந்து மேலவீதி முனைக்குப் போய்ச் சேர எங்களுக்கு உங்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். எங்கள் வேகத்தில் எங்களோடு வர உங்களில் யார் தயார் என்பதை அதற்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் குழுக்களும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அதே நாளில் தொடங்கிச் சாயங்காலமும் ஓர் அணி வைத்தால், வேலை நாட்களில் நான் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
சிதம்பரத்திலிருந்து உங்கள் சகோதரி